குழுவுக்கு ஒரு அத்தை

அந்தக் குழு ஒரு துணி துவைக்கும் மெஷினைத் திட்டுவதற்காகத் தொடங்கப்பட்டது. ஒரே மாதிரி மெஷினை வாங்கி ஒரே மாதிரி ஏமாந்தவர்கள் இணையத்தில் கூடிய இடம் அது. தண்ணீர் வெளியே போகாது. கதவு திறக்காது. சுற்றுகிற வேகத்தில் மெஷின் தானாகவே நகர்ந்து குளியலறை வாசலில் வந்து நிற்கும். கம்பெனியில் யாரும் போனை எடுக்கவில்லை என்பதால் ஆளாளுக்கு இங்கே வந்து வயிற்றெரிச்சலைக் கொட்டினார்கள். கொட்டக் கொட்ட அது பழக்கமாகிவிட்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போன பிறகும் ஆட்கள் போகவில்லை. பிள்ளைகள் படிப்பு, முழங்கால் வலி, வாடகை வீட்டுக்காரன், சினிமா என்று பேச்சு நீண்டது. ஒரு நாள் எட்டிப் பார்க்காமல் இருந்தால் மறுநாள் வாசித்து முடிக்க முடியாத காலம் ஒன்று இருந்தது.

இப்போது மூன்று பேர்தான் மிச்சம்.

ஒருவர் கேப்டன். அவர் கப்பலில் கேப்டனாக இருந்தவர் இல்லை, சமையல்காரராக இருந்தவர். முதல் பதிவிலேயே கடலைப் பற்றி அளந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்னொருத்தி பல்லி. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. பல் செய்கிறவள் பல்லி என்று யாரோ வைத்தார்கள், அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாவது தபாலக்கா. தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை, ஓய்வு பெற அதிக நாள் இல்லை. இந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது மற்ற இருவருக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேப்டன் குழுவில் புதுப் பேச்சிழை ஒன்றைத் தொடங்கினார். வெளியே மழை, மூட்டு வலி, பேச ஆளில்லை என்று முன்னுரை போட்டுவிட்டு, பழைய ஆட்களை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். முதலில் அவரே கர்ஜனையை இழுத்தார். கர்ஜனை ஒரு வக்கீல். வணக்கம் சொன்னாலும் வக்கீல் நோட்டீஸ் மாதிரிதான் சொல்வார். சோப்புத் தூளை முதலில் போட வேண்டுமா, துணியை முதலில் போட வேண்டுமா என்று வாரக்கணக்கில் சண்டை போட்டவர். இந்தக் குழுவின் வாசற்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டு மறுநாள் காலையில் வந்து நிற்பார். கடைசித் தடவை மட்டும் சபதம் எதுவும் போடவில்லை. சும்மா வராமல் போனார்.

பல்லி சுருக்கைப் பற்றி எழுதினாள். சுருக்கு எப்போதும் ஒரே ஒரு சொல்லில் பதில் போடும் ஆள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கேப்டன் ஒரு தடவை நடுக்கடல் புயலைப் பற்றி மூச்சு விடாமல் எழுதித் தள்ளியபோது சுருக்கு போட்ட பதில் "அப்புறம்?" என்பதுதான். தன் வாழ்நாளில் தனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான் என்று கேப்டன் இப்போது எழுதினார். சுருக்குக்கு என்ன ஆனதென்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு, இருவரும் சுற்றிச் சுற்றி வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்தார்கள். மாமியார்.

மாமியார் என்பது அவள் தானே வைத்துக்கொண்ட பெயர். வந்த நாளிலிருந்தே எல்லோரையும் மருமகள் மாதிரி நடத்தினாள். கறை போக வழி கேட்டால், முதலில் கறை படுகிற மாதிரி சாப்பிட்டதற்குத் திட்டு விழும். பிறகுதான் வழி. குழுவில் எல்லோரும் அவளை அத்தை என்றே கூப்பிட்டார்கள். கேப்டன் வயதில் பெரியவர், அவரும் கூப்பிட்டார். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவள் சொந்தப் பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாய் என்று அத்தை கேட்ட பிறகுதான், பல்லி தன் முதலாளியிடம் போய் சம்பள உயர்வு கேட்டாள். வெயில் வந்திருக்கிறது, போய்த் துணி காயப் போட்டுவிட்டு வருகிறேன் என்று ஒருநாள் எழுதிவிட்டுப் போனவள்தான். திரும்பவில்லை. போய்ச் சேர்ந்திருப்பாள் என்றுதான் மூவரும் நினைத்தார்கள். அப்போதே அறுபதைத் தாண்டியிருக்கும் என்று கேப்டன் கணக்குப் போட்டார்.

தபாலக்கா அன்று முழுவதும் அந்த இழையில் ஒன்றும் எழுதவில்லை. வாசித்தாள். எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள். திரும்ப வந்து வாசித்தாள். அவளுக்கும் அத்தைக்கும் இடையில் நடந்த ஒன்று மற்றவர்களுக்குத் தெரியாது.

அவள் கணவன் குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. பேசமாட்டான். எதற்குக் கோபம் என்று சொல்லமாட்டான், மாதக்கணக்கில் வாயைத் திறக்கமாட்டான். வீட்டில் அவள் இருப்பதே தெரியாதது மாதிரி நடப்பான். தட்டை வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டாலும் கேட்கமாட்டான். நடுவில் மாட்டிக்கொண்டவள் மகள். அப்பா விளக்கை அணைக்கச் சொன்னார், அப்பாவுக்கு நாளைக்கு நீலச் சட்டை வேண்டுமாம் என்று பள்ளிக்கூடப் பை தோளில் தொங்க அறைக்கு அறை நடந்தாள். தபாலக்கா இதைத் தன் அம்மாவிடம் சொன்னபோது, அடிக்கிறானா, குடிக்கிறானா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றதும் பேச்சு முடிந்துவிட்டது. அவளுடைய அக்காவும் அதையேதான் கேட்டாள்.

ஒருநாள் தபால் கூடத்தில் மேற்பார்வையாளர் அவள் பெயரைக் கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை. தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்பதே மனதில் ஏறவில்லை. அன்று சாயங்காலம் அத்தைக்குத் தனிமடல் எழுதினாள். எழுதியதைப் படித்துப் பார்க்காமல் அனுப்பினாள். சில நாள் பதில் இல்லை. பிறகு வந்தது.

"அடிச்சாத்தான் அடியா? நீ அந்த வீட்ல இருக்கியா இல்லையான்னு உனக்கே சந்தேகம் வந்துடுச்சு. இதுக்கு மேல உட்கார்ந்திருந்தா நீயே இல்லாமப் போயிடுவே. பொண்ணையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பு. யாராவது ஏன்னு கேட்டா, மாமியார் சொன்னாங்கன்னு சொல்லு."

கடைசி வரியைப் படித்து அவள் சிரித்துவிட்டாள். அந்த மாதமே கிளம்பினாள், கிளம்பிவிட்டேன் என்று அத்தைக்கு ஒரு வரியும் எழுதினாள்.

கிளம்பிய கதை ஒன்றும் வெற்றிக் கதை இல்லை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஒற்றை அறை. கூடுதல் ஷிஃப்ட். பெட்டிகள் தூக்கித் தூக்கி வலது தோள் போனது. மகள் அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டு வந்ததை அம்மாவிடம் காட்டினாள், நெடுநாள் பேசவில்லை. கணவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பெண்ணிடம் நன்றாகப் பேசுகிறான் என்றும் கேள்வி. இவ்வளவையும் தபாலக்கா தாங்கியது ஒரு நினைப்பில்தான். வாழ்க்கையை முழுதாகப் பார்த்துவிட்ட ஒரு பெரிய மனுஷி, யோசித்து, போ என்று சொன்னாள். படுக்கும்போது சந்தேகம் வந்தால் "மாமியார் சொன்னாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அது போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இழையில் ஒரு வரி எழுதினாள். அத்தை உயிரோடு இருந்தால் ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பேன், அவ்வளவுதான் என்று.

திங்கட்கிழமை வேலை முடிந்து பேருந்தில் வரும்போது போனைத் திறந்தாள். மாமியார் என்ற பெயரிலிருந்து பதில் வந்திருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் சாகலை. நான் மாமியாரும் இல்லை, பொம்பளையும் இல்லை. எனக்கு இப்ப முப்பத்தஞ்சு வயசு. அப்ப ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில வேலை பார்த்தேன். விளையாட்டா அந்தப் பேர் வெச்சேன். நீங்க எல்லாரும் அத்தை அத்தைன்னு கூப்பிட ஆரம்பிச்சதும் கழட்டி வைக்கத் தெரியல. கல்யாணம் ஆகி எனக்கே ஒரு நிஜ மாமியார் வந்ததும் கூச்சமாப் போச்சு, நிறுத்திட்டேன். அப்பப்ப வந்து படிப்பேன். நீங்க என்னைச் சாகடிச்சதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியல. மன்னிச்சுடுங்க."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து இறங்குவதற்கு வழி கேட்டதுகூடக் காதில் விழவில்லை.

கேப்டன் முதலில் சிரித்தார். வீட்டுக்காரியோடு வந்த சண்டைக்கு அப்போதுதான் மீசை முளைத்த பையனிடமா யோசனை கேட்டேன் என்று எழுதினார். பிறகு யோசித்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, இரண்டு நாள் ஆளைக் காணவில்லை. பல்லி கோபப்படவில்லை. இனிமேல் யாரை நம்புவது என்று அலுத்துக்கொண்டாள். அத்தனை வருடம் கூட இருந்தது யாரென்று தெரியாமலே இருந்திருக்கலாம், எதற்கு இப்போது வந்து சொன்னான் என்பது அவள் கட்சி.

 தபாலக்கா மறுநாள் கூடத்தில் தெற்குக்குப் போக வேண்டிய பெட்டிகளை வடக்குக் கூண்டில் போட்டாள். புதிதாகச் சேர்ந்தவள் செய்கிற தப்பு அது. பக்கத்தில் இருந்தவள் எடுத்து மாற்றிப் போட்டாள். தபாலக்காவுக்கு அவன் ஆண் என்பது பெரிதாகப் படவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இருபத்திரண்டு வயதுப் பையன் சொல்லிக் குடும்பத்தை விட்டு வந்திருக்கிறாள். அம்மா பேச்சைக் கேட்டு அங்கேயே இருக்கவில்லை, அக்கா பேச்சையும் கேட்கவில்லை, ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்த ஒருவன் பொழுதுபோகாமல் எழுதியதை நம்பி வந்திருக்கிறாள். நடுத்தெருவில் யாரோ தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்ட மாதிரி உடம்பு கூசியது.

அந்த வாரம் பல்லி போன் செய்தாள். அவன் தனக்குத் தனிமடல் போட்டு, தபாலக்காவிடம் பேச வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிடு என்றாள் தபாலக்கா. ஏன் இவ்வளவு கோபம் என்று பல்லி கேட்டாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, தபாலக்கா கடைசியில் எல்லாவற்றையும் சொன்னாள். பல்லி குறுக்கே பேசாமல் கேட்டாள். பின்னால் பட்டறையில் ஏதோ மெஷின் கீச்சென்று பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்ததும், நல்லவேளை, என் வீட்டு விஷயத்தை நான் அத்தையிடம் கேட்கவில்லை, எனக்கும் கிளம்பு என்று சொல்லியிருப்பான், நானும் கிளம்பியிருப்பேன் என்றாள் பல்லி. அதற்கு இருவருமே சிரிக்கவில்லை.

பிறகு அவனே தபாலக்காவுக்குத் தனிமடல் எழுதினான். மன்னிப்புக் கேட்க வரவில்லை என்றுதான் தொடங்கியிருந்தான். போன மாதம் அவன் அம்மா ஒரே ஒரு பையோடு அவன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பாவை விட்டுவிட்டு வந்துவிட்டேன், இனிப் போகமாட்டேன் என்கிறாள். வயது அறுபத்தாறு. இந்த வயதிலா என்று சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போடுகிறார்கள். அவன் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுவே அவனுக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு இதற்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்து அப்படிக் கிளம்பி வந்தவர் நீங்கள் ஒருவர்தான், உங்களைத் தவிர யாரைக் கேட்பேன் என்று முடித்திருந்தான். கீழே போன் நம்பர் இருந்தது.

அவள் சில நாள் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், கூடத்துக்குப் பின்னால் லாரிகள் வந்து நிற்கிற இடத்துப் படியில் உட்கார்ந்து அந்த நம்பரைக் கூப்பிட்டாள்.

"யாரு பேசறது?"

"தபால்."

எதிர்ப்பக்கம் ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு "அக்கா" என்றான். சளி பிடித்தவன் குரல் மாதிரி கரகரப்பாக இருந்தது. இந்தக் குரலா அத்தை என்று அவளுக்கு ஒரு நொடி சிரிப்பு வரப் பார்த்தது. பேச வேண்டியதை எல்லாம் காலையிலிருந்து மனதில் அடுக்கி வைத்திருந்தாள். இப்போது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அன்னிக்கு எழுதினியே, அதை யாரைக் கேட்டு எழுதினே? உங்கம்மாவையா?"

"இல்லக்கா. யாரையும் கேக்கல."

"பின்ன?"

"மத்தவங்களுக்கெல்லாம் வாய்க்கு வந்ததை எழுதுவேன். உங்களது வந்ததும் பயந்துட்டேன். பதில் போடவே நாளாச்சு, ஞாபகம் இருக்கா? எங்க வீட்லயும் அதேதான்க்கா. அப்பா அம்மாகிட்டப் பேசமாட்டாரு. நான்தான் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சொல்வேன். உங்க பொண்ணைப் பத்தி எழுதியிருந்தீங்கல்ல, அதை என்னால படிக்க முடியல. எங்கம்மாகிட்ட என்ன சொல்லணும்னு நினைச்சேனோ அதை உங்களுக்கு எழுதிட்டேன்."

"அதை உங்கம்மாகிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"அம்மாகிட்ட எப்படிக்கா சொல்றது?"

ஒரு லாரி பின்னால் நகர்ந்து வந்தது. ஓட்டுநரின் உதவியாள் கையைக் காட்டிக் காட்டிச் சத்தம் போட்டான். அது நின்ற பிறகு போனில் அவன் மறுபடி பேசினான்.

"நான் சொன்னது தப்பாப் போச்சாக்கா?"

 அவள் இடது கையால் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"தப்பா சரியான்னு எனக்கும் தெரியல. எனக்கு யாராவது சொல்லணும்னு இருந்துச்சு, நீ சொன்னே. அத்தைன்னு நினைச்சேன். நீயா இருந்தே. இத்தனை வருஷம் கழிச்சு இதை எங்க கொண்டு போய் வைக்கறதுன்னு தெரியல. களைப்பா இருக்கு." பிறகு, கேட்க வேண்டும் என்று நினைக்காமலே கேட்டாள். "உங்க வீடு எங்க இருக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருந்து மாறிப் போனாள். லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். கதவைத் திறந்தவன் உயரமாக, வயிறு கொஞ்சம் தள்ளி, முன்பக்கம் முடி கொட்டிப்போய் நின்றான். இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்த நரைத்த கொண்டைக்கும் இந்த வழுக்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவன் கையைக் கூப்பவும் முடியாமல் கீழே விடவும் முடியாமல் தவித்தான். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கீழே விளையாட்டுத் திடல் வரை போய்வருகிறோம் என்று புறப்பட்டாள். போகும்போது தபாலக்காவின் கையை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள்.

அவன் அம்மாவுக்குக் குழந்தையின் அறையைக் கொடுத்திருந்தார்கள். குட்டையான கட்டிலில், பொம்மைகளுக்கு நடுவே, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான, எலும்பு தெரிகிற கைகள். தெரிந்த அக்கா என்று மகன் அறிமுகம் செய்தான். அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். தேநீர் போட்டு வருகிறேன் என்று அவன் வெளியே போய்விட்டான்.

"என்ன சொல்லி அனுப்பினான்? திரும்பிப் போகச் சொல்லவா?"

"ஒண்ணும் சொல்லி அனுப்பலைக்கா. நானும் உங்களை மாதிரி விட்டுட்டு வந்தவதான்."

அம்மா அப்போதுதான் முழுதாகத் திரும்பினாள். கட்டிலில் கிடந்த துணிக்கரடியை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

"எப்ப வந்தே?"

"பதிமூணு வருஷம் ஆச்சு. பொண்ணு அப்ப எட்டாவது படிச்சா."

"அடிச்சானா?"

"இல்லக்கா. பேசமாட்டாரு."

அம்மா துணிக்கரடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வந்து என்ன பண்ணினாய் என்று கேட்டாள்.

தபாலக்காவுக்கு அங்கே வரும்வரை என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாது. கேட்டதும் வந்தது. முதல் சில மாதம் ஓயாமல் பேசினேன் என்றாள். கடைக்காரனிடம், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், கட்டணம் கட்டுகிற ஜன்னலில் இருந்தவளிடம். யாராவது திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது. பைத்தியம் என்றுகூட நினைத்திருப்பார்கள். பிறகு மகள் பேசுவதை நிறுத்தினாள். அது கணவன் பேசாததைவிட மோசமாக இருந்தது. ஒரு கட்டத்தில் திரும்பிப் போய்விடலாமா என்று பையைக்கூட எடுத்தாள். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. குழுவிலும் சொன்னதில்லை.

"இப்ப?" என்றாள் அம்மா.

"இப்ப பொண்ணு வேற ஊர்ல இருக்கா. வாரத்துக்கு ஒரு தடவை பேசுவா. எனக்கு வேலை, சாப்பாடு, தூக்கம். அலுப்பாத்தான் இருக்கு, பொய் சொல்லலை. ஆனா வீட்டுக் கதவைத் திறக்கும்போது வயித்தைப் பிசையறதில்ல."

"பிசையறதில்லையா?"

"இல்லக்கா."

"எனக்கு அது போதும்" என்றாள் அம்மா.

அவன் தேநீர் கொண்டுவந்தான். தட்டில் பாதி சிந்தியிருந்தது. வைத்துவிட்டுப் போகாமல் கதவோரம் நின்றான். அம்மா அவனைப் பார்க்காமலே பேசினாள். கணவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இன்னும் ஏதேதோ மாத்திரை, எது எப்போது என்று அவருக்குத் தெரியாது, இத்தனை வருடமும் எடுத்து வைத்தது அவள்தான். "ராத்திரியெல்லாம் அந்த நினைப்புத்தான். அவரைப் பத்தி இல்ல. மாத்திரையைப் பத்தி" என்றாள். தபாலக்கா சிரித்துவிட்டாள். அம்மா முகம் மாறாமல் அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் காலைல போய் எடுத்து வெச்சுட்டு வந்துடறேன். ஒரு மணி நேர வேலை. பேசமாட்டேன். பேசாம இருக்க எனக்கும் தெரியும்ல?"

"நான் போய் வைக்கிறேம்மா" என்றான் அவன்.

"நீ வேண்டாம். உன்கிட்ட எனக்குச் சொல்லி அனுப்புவாரு, நீ வந்து என்கிட்ட சொல்வே. சின்ன வயசுல செஞ்சது போதும்."

அவன் அப்படியே கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரிய உடம்பு, அந்தச் சின்ன அறையில் கால் நீட்ட இடமில்லை. அம்மா தேநீரைக் குடித்து முடித்து, சர்க்கரை குறைவு என்று மட்டும் சொன்னாள்.

பேருந்து நிறுத்தம் வரை அவன் கூட வந்தான்.  அம்மா பையோடு வந்து நின்றபோது, வாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், உள்ளே வந்து உட்காரும்வரை அதைக்கூடச் சொல்லவில்லை என்றான். இப்போது சொல்லேன் என்றாள் தபாலக்கா. இப்போது சொன்னால் சிரிப்பாள் என்றான். சிரித்தால் என்ன என்று கேட்டாள். பேருந்து வருவதற்குச் சற்று முன், மறுபடி குழுவில் எழுதலாமா என்று கேட்டான். எழுது தம்பி, ஆனால் அந்தப் பெயரில் வேண்டாம் என்றாள்.

ஏறி உட்கார்ந்ததும் அசந்துவிட்டாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் விழிப்பு வந்தது. நடந்து திரும்பும்போது பல்லி போன் செய்து, ஆள் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். வழுக்கை விழுந்துவிட்டது என்றாள். வேறென்ன என்று பல்லி கேட்டாள். வேறு சொல்ல நிறைய இருந்தது, ஆனால் தெருவில் நடந்துகொண்டே சொல்கிற விஷயமாக இல்லை. அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அந்த அம்மா சொன்னபடியே செய்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் போய் மாத்திரை எடுத்து வைத்துவிட்டு வந்தாள். பிறகு மகன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் சொந்தமாக ஓர் அறை எடுத்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் இன்னும் போன் போடுகிறார்கள், ஆனால் முன்பு போல் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் தபாலக்கா அங்கே போவாள். இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஒருத்தி கேட்டால் மற்றவள் பதில் சொல்வாள்.

குழுவில் இப்போது நான்கு பேர். அவன் சலவை என்ற பெயரில் எழுதுகிறான். யாரையும் திட்டுவதில்லை. எதைக் கேட்டாலும், எனக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் என்று தொடங்குகிறான். நல்ல பையன் என்று கேப்டன் சொல்லிவிட்டார். தன் கடல் கதைகளை மறுபடியும் முதலிலிருந்து அவனுக்குச் சொல்கிறார், அவனும் முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்கிறான்.

ஒரு சாயங்காலம் பல்லி தன் மகனைப் பற்றி எழுதினாள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று. கேப்டன் ஏதோ சொன்னார். தபாலக்காவும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். சலவை பொறுமையாக, நியாயமாக நாலு வரி எழுதினான். எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பல்லி எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பிறகு, அத்தை இருந்திருந்தால் இதற்கு நறுக்கென்று ஒன்று சொல்லியிருப்பாள் என்று எழுதினாள்.

ஆமாம் என்று கேப்டன் போட்டார்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம், யார் முன்னால் பேசுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அது உண்மைதான். தபாலக்காவும் ஆமாம் என்று எழுதினாள். சலவை பதில் போடுவான் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை ஷிஃப்ட். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, தோளுக்கு மருந்து தேய்க்கப் போனாள்.